பல் கட்டிய சீனரும் பல்லை உதிர்த்த சீனரும்

மலையக நகரங்களில் ஒரு காலத்தில் சீனர் என்றால் இரண்டே தொழில்தான். ஒருவர் சைக்கிள் காரியரில் துணிப் பொட்டலங்களை அடுக்கிக்கொண்டு வீடு வீடாக வருவார். மற்றவர் கடைத்தெருவில், கண்ணாடிப் பெட்டிக்குள் பொய்ப்பல் வரிசையைக் காட்சிக்கு வைத்துக்கொண்டு பல் கட்டுவார். சீனாவின் ஷான்டொங், ஹுபெய் பக்கங்களிலிருந்து வந்து இலங்கையில் தங்கிப்போன சொற்பக் குடும்பங்கள் அவை. ஊர்ப் பாஷையைப் பழகிக்கொண்டு, யாருடைய வம்புக்கும் போகாமல், தானுண்டு தன் வேலையுண்டு என்று இருந்தவர்கள்.

எழுபதுகளில் மூன்றாவது சீனர் ஒருவர் வந்து சேர்ந்தார். மேலே சட்டை இல்லை. நெஞ்சில் நகக்கீறல். கண்ணில் பாதி அழுகை, பாதி வெறி. அவர் யாருக்கும் பல் கட்டவில்லை. வரிசையாக நிற்கிறவர்களின் பல்லை உதிர்த்துக்கொண்டே போனார்.

அவரைப் பார்க்க அக்குறணையிலிருந்தும் பஸ் ஏறினார்கள். கண்டி–மாத்தளை வீதியில், கண்டியிலிருந்து சுமார் 10 கிலோமீற்றரில் இருக்கிற ஊர். வீதியின் இருபுறமும் கடைகள், ஊர் நடுவே அஸ்னா பள்ளிவாசல், பக்கத்தில் பிங்கா ஓயா. மழை வலுத்தால் ஓயா கடைக்குள் வந்து கணக்குப் புத்தகத்தையும் நனைத்துவிட்டுப் போகும். தமிழ் பேசும் முஸ்லிம்களின் வியாபார ஊர். படம் பார்க்கப் போவது வாப்பாவிடம் சொல்லிவிட்டுச் செய்கிற காரியமாக இருக்கவில்லை. சாமான் எடுக்கப் போகிறேன், டியூஷனுக்குப் போகிறேன் என்று எதையாவது சொல்லிவிட்டுப் புறப்பட வேண்டும். கட்டுகஸ்தோட்டைப் பாலம் தாண்டினால் நெஞ்சிடி கொஞ்சம் அடங்கும். பிறகு வெம்பிளி தியேட்டர் வாசலில், முக்கியமாக ஊர்க்காரர் யாரும் கண்ணில் படாமல், மெட்னி ஷோவுக்கு வரிசையில் நிற்க வேண்டும். ஓ.டி.சி.யும் பெல்கனியும் காசுள்ளவர்களுக்கு. மற்றவர்களுக்குக் கலரி.

குங்ஃபூ படத்தைப் பற்றி இன்று எழுதுகிறவர்கள் புரூஸ் லீயின் உடம்பைப் பற்றியும் ஜெக்கி சானின் எலும்பு முறிவுகளைப் பற்றியும் நிறைய எழுதிவிட்டார்கள். எனக்குச் சொல்ல இருப்பது அந்தக் கலரியைப் பற்றி. கண்டியில் அந்த நாளில் ஒவ்வொரு படத்துக்கும் சொந்தக்காரர்கள் இருந்தார்கள். காமினி பொன்சேகாவும் விஜய குமாரதுங்கவும் சிங்கள ரசிகர்களின் சொத்து. எம்.ஜி.ஆர்., சிவாஜி என்றால் தமிழ் பேசுகிறவர்கள் இரண்டு கட்சி. ஹிந்திப் படத்துக்கு எல்லோரும் போனார்கள் என்றாலும், ரஃபியின் பாட்டுக்கு உரிமை கொண்டாடுவதில் முஸ்லிம் வீடுகளை யாரும் மிஞ்ச முடியாது. குங்ஃபூ படத்துக்கு மட்டும் சொந்தக்காரர் இல்லை. திரையில் பேசுகிற பாஷை கலரியில் இருந்த ஒருவருக்கும் தெரியாது. இங்கிலீஷில் டப் செய்திருந்தாலும் அதே கதைதான். வாய் ஒரு பக்கம் போகும், வசனம் இன்னொரு பக்கம் போகும். சிங்களப் பொடியன், தோட்டத்திலிருந்து வந்த தமிழ்ப் பொடியன், அக்குறணைப் பொடியன் மூன்று பேரும் ஒரே அளவு புரியாமல் உட்கார்ந்திருந்தார்கள். ஒரே அளவு புரிந்துகொண்டும் உட்கார்ந்திருந்தார்கள், ஏனென்றால் கதையில் புரிய இருந்தது ஒன்றுதான்: குருவைக் கொன்றவன் யார், அவனுக்கு என்ன நடக்கப்போகிறது.

மலிவாக எடுப்பதும் ஒரு வித்தைதான்

ஹொங்கொங்கின் ஷோ பிரதர்ஸ் கம்பனி 1961இல் கிளியர்வோட்டர் பேயில் தன் ஸ்டூடியோ நகரத்தைத் திறந்தது. நடிகர்கள் ஒப்பந்தத்தில் மாதச் சம்பளக்காரர்கள். பலர் ஸ்டூடியோவின் விடுதியிலேயே தங்கினார்கள். ஒரே கோயில் வாசல் பத்துப் படத்தில் வரும், ஒரே சத்திரத்தின் மாடிப்படியில் பத்து வில்லன்கள் உருளுவார்கள். படப்பிடிப்பின்போது குரலைப் பதிவு செய்யும் வழக்கமே இல்லை. எல்லாவற்றையும் பிறகு ஒலிக்கூடத்தில் சேர்த்தார்கள். உதைக்கும் குத்துக்கும் வருகிற அந்தச் சாட்டையடிச் சத்தம் அப்படி வந்ததுதான். பிரிட்டிஷ் குடியேற்றம் என்பதால் 1963 முதல் இங்கிலீஷ் எழுத்தும் கீழே ஓட வேண்டும் என்று சட்டம். வெள்ளைச் சட்டைக்கு மேல் வெள்ளை எழுத்து ஓடும். யாரும் வாசித்ததாகத் தெரியவில்லை.

இந்தப் பெரிய ஸ்டூடியோவைப் பார்த்துச் சின்னக் கம்பனிகள் கிளம்பின. அவர்களுக்குச் செட் போடக் காசில்லை. தாய்வானில் ஒரு மலைச்சரிவும் ஒரு மூங்கில் தோப்பும் போதும். நடிகர்கள் வேகமாக அடிப்பதுபோல் தெரிய, கமராவைக் கொஞ்சம் மெதுவாக ஓட்டிப் பதிவு செய்தார்கள். லென்ஸ் சடாரென்று முகத்துக்குப் பாயும், திரும்ப ஓடும். இசையை யார் யாரிடமிருந்தோ எடுத்துக்கொண்டார்கள். கேட்டு எடுத்தார்கள் என்று சொல்ல முடியாது. ஜிம்மி வாங் யூ நடித்து இயக்கிய 1976ஆம் ஆண்டுப் படமான 'மாஸ்டர் ஒஃப் த ஃப்ளையிங் கிலட்டின்'இல் வில்லன் வருகிறபோது ஒலிப்பது ஜேர்மனியின் 'நொய்' குழுவின் இசை. சிங் வம்சக் காலத்துச் சண்டைக்கு ஜேர்மன் ரொக்! சேர்ந்து பார்க்கும்போது அது எவ்வளவு கச்சிதமாகப் பொருந்துகிறது என்பதுதான் வேடிக்கை.

உலகத்தையே திருப்பிய படம் என்று ஒன்றைச் சொல்ல வேண்டுமானால், 'என்டர் த டிராகன்' அல்ல, அதற்குச் சில மாதம் முந்திய 'கிங் பொக்ஸர்' என்பேன். ஷோ பிரதர்ஸ் 1972இல் எடுத்த இந்தப் படத்தை வோர்னர் பிரதர்ஸ் 1973 மார்ச்சில் 'ஃபைவ் ஃபிங்கர்ஸ் ஒஃப் டெத்' என்று பெயர் மாற்றி அமெரிக்காவில் வெளியிட்டது. இயக்கியவர் ஜொங் சாங்-ஹ்வா என்ற கொரியர். கதாநாயகன் லோ லியே இந்தோனேசியாவில் பிறந்தவர். பழிவாங்கும் நேரம் வரும்போது அலறுகிற சைரன் இசை குயின்சி ஜோன்ஸ் ஓர் அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடருக்குப் போட்டது. கதை நாலு வரிதான். நாயகனின் விரல்களை எதிரிகள் நசுக்கிவிடுகிறார்கள். அவன் காய்ந்த இரும்புத் துகள் நிரம்பிய கொப்பரையில் கையைக் குத்திக் குத்தி 'இரும்புக் கை' வித்தையைப் பழகுகிறான். கடைசியில் உள்ளங்கைகள் செக்கச்சிவந்து ஒளிர்கின்றன, சைரன் கூவுகிறது, கலரி எழுந்து நிற்கிறது.

அந்த மே மாதத்தில் ஒரு வாரம், அமெரிக்க வசூல் பட்டியலின் முதல் மூன்று இடங்களிலும் ஹொங்கொங் படங்கள் நின்றன. ஒன்று இந்தப் படம். இன்னொன்று புரூஸ் லீயின் 'த பிக் பொஸ்'. மூன்றாவது அஞ்சலா மாவ் என்ற பெண் நடித்த 'லேடி வேர்ள்விண்ட்'. பழிவாங்குவதில் பெண்ணுக்கும் சம பங்கு கொடுத்த சினிமா அது. நம் பக்கத்தில் விஜயசாந்தி சட்டையை மடித்துக்கொண்டு அடிக்க இன்னும் பதினேழு வருடம் போக வேண்டியிருந்தது.

முடங்கிய ரூபாயும் ஐஸ் பக்டரியும்

புரூஸ் லீ தென்னிந்தியாவுக்கு வந்தார் என்றால் நம்பாதவர்கள் இருக்கிறார்கள். 1971 தொடக்கத்தில், நடிகர் ஜேம்ஸ் கோபர்னோடும் திரைக்கதையாளர் ஸ்டேர்லிங் சிலிஃபன்டோடும் இடம் பார்க்க இந்தியா வந்தார். டில்லி, ராஜஸ்தான் பாலைவனம் என்று அலைந்து மதராசையும் தொட்டுவிட்டுப் போனார்கள். வந்ததன் காரணம் சுவையானது. வோர்னர் பிரதர்ஸுக்கு இந்தியாவில் ஓடிய படங்களின் வசூல் பணம் அங்கேயே முடங்கிக் கிடந்தது. அந்நியச் செலாவணிக் கட்டுப்பாட்டால் வெளியே கொண்டுபோக வழியில்லை. இந்தியாவிலேயே ஒரு படம் எடுத்தால் அந்த ரூபாயைச் செலவழிக்கலாம். 'த சைலன்ட் ஃப்ளூட்' என்று பெயரும் வைத்தாகிவிட்டது. இடம் பிடிக்கவில்லை என்று கோபர்ன் கையை விரித்ததோடு திட்டம் படுத்தது. வேலை இல்லாமல் திரும்பியவர் அதே ஆண்டில் கோல்டன் ஹார்வெஸ்ட் கம்பனியிடம் இரண்டு படங்களுக்கு 15,000 டொலருக்கு ஒப்புக்கொண்டார். முதல் படம்தான் 'த பிக் பொஸ்'.

அந்தப் படத்தின் களம் தாய்லாந்தில் ஓர் ஐஸ் பக்டரி. பனிக்கட்டிக்குள் போதைப்பொருளை வைத்துக் கடத்துகிறான் முதலாளி. தற்செயலாக ஒரு கட்டி உடைந்து அதைப் பார்த்துவிடுகிற தொழிலாளர்கள் ஒவ்வொருவராகக் காணாமல் போகிறார்கள். நாயகனோ சண்டை போடுவதில்லை என்று தாய்க்குச் சத்தியம் பண்ணிக் கொடுத்தவன். கழுத்தில் அவள் தந்த பதக்கம் தொங்குகிறது. படத்தில் கணிசமான நேரம் அவன் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறான். கலரி பொறுமை இழந்து கத்துகிறது. பதக்கம் அறுந்து விழுகிற வினாடிக்குத்தான் எல்லோரும் காசு கொடுத்திருக்கிறார்கள். 1967இல் ஹொங்கொங்கையே உலுக்கிய கலவரம் ஒரு பிளாஸ்டிக் பூத் தொழிற்சாலையின் தொழில் தகராறில் தொடங்கியது என்பதை நினைவில் வைத்துக்கொண்டு பார்த்தால், அந்த முதலாளியை உதைக்கிற உதைக்கு எவ்வளவு கனம் இருந்திருக்கும் என்று விளங்கும்.

'ஃபிஸ்ட் ஒஃப் ஃபியூரி'யில் இன்னும் வெளிப்படை. குருவின் சாவுக்குப் பழிவாங்க வந்த சீடன், ஷங்ஹாய் பூங்கா வாசலில் நாய்க்கும் சீனருக்கும் அனுமதியில்லை என்கிற பலகையைப் பறந்து உதைத்து நொறுக்குகிறான். அப்படியே அந்த வாசகத்தோடு ஒரு பலகை உண்மையில் இருந்ததா என்பதில் வரலாற்றாசிரியர்களுக்குச் சந்தேகம் உண்டு. தோட்டத் துரைமாரின் கிளப் வாசலைத் தாண்ட முடியாத தகப்பனுக்குப் பிறந்த பிள்ளைகள் கலரியில் இருந்தார்கள். அவர்கள் ஆதாரம் கேட்கவில்லை.

இலங்கையிலும் அது செலாவணி இறுக்கத்தின் காலம்தான். 1971 ஏப்ரல் கிளர்ச்சியும் ஊரடங்கும் முடிந்து, பாணுக்கு வரிசை நின்ற வருடங்கள். 1972இல் இயங்கத் தொடங்கிய அரச திரைப்படக் கூட்டுத்தாபனம் வெளிநாட்டுப் படங்களின் இறக்குமதியைத் தன் கையில் எடுத்துக்கொண்டது. அதுவரை சிலோன் தியேட்டர்ஸ், சினிமாஸ் லிமிட்டெட் போன்ற கம்பனிகள் ஆண்ட ராச்சியம் அது. தமிழ்ப் படங்களின் வரத்துச் சுருங்கியதில் ஒரு நல்ல விளைவும் இருந்தது. வி.பி. கணேசன் 'புதிய காற்று' (1975), 'நான் உங்கள் தோழன்' (1978) என்று இங்கேயே சொற்பக் காசில் தமிழ்ப் படம் எடுத்து, தானே கதாநாயகனாகவும் நின்றார். அவரையும் இந்தக் கட்டுரையில் சேர்ப்பதில் எனக்குத் தயக்கமில்லை. காசில்லாத சினிமாவில் கதாநாயகன்தான் செட், அவன்தான் செலவு.

எம்பெக்கையின் மல்லர்கள்

கண்டிப் பொடியன்களுக்குச் சண்டைக் கலை சீனாவிலிருந்துதான் வர வேண்டும் என்றில்லை. உடுநுவரை எம்பெக்கை தேவாலயத்தின் மரத்தூண்களில், அன்னங்களுக்கும் இருதலைக் கழுகுக்கும் பக்கத்தில், கட்டிப் புரளுகிற மல்லர்களைச் செதுக்கி வைத்திருக்கிறார்கள். ஒருவர் கால் மற்றவர் இடுப்பில். எந்தக் கை யாருடையது என்று கண்டுபிடிக்கக் கொஞ்ச நேரம் நின்று பார்க்க வேண்டும். சிங்கள அரசர் காலத்துச் சண்டைக் கலையான அங்கம்பொரவுக்கு மருவல்லிய, சுதாலிய என்று இரண்டு போட்டிப் பரம்பரைகளே இருந்தன. கிழக்கில் முஸ்லிம் கிராமங்களில் சீனடியும் சிலம்படியும் கற்றுக்கொடுத்த அண்ணாவிமார் இருந்தார்கள். ஆனால் அங்கம் ஒரு பரம்பரையின் இரகசியம். சீனடி வேறு ஊரின் வித்தை. வெம்பிளிக்கு டிக்கட் வாங்கினால் போதும், ஷாவோலின் கோயில் யாருக்கும் கதவைத் திறந்துவிட்டது.

திறந்துவிட்டதன் விளைவை வீட்டுப் பின்முற்றங்கள் அனுபவித்தன. விளக்குமாற்றுக் கட்டையை இரண்டாக வெட்டி, நாய்ச் சங்கிலியால் இணைத்தால் நஞ்சாக்கு தயார். முதல் சுழற்றலிலேயே அது சுற்றி வந்து சொந்தத் தலையில் விழும். இரும்புத் துகளுக்கு எங்கே போவது? அரிசிச் சாக்குக்குள் கையைக் குத்தினார்கள். அரிசிக்கு உம்மா பதில் சொன்னார். ஓட்டை உடைத்துப் பழகியவர்கள் கூரை ஒழுகியபோது அகப்பட்டார்கள்.

இப்படி ஊருக்கு ஊர் நடந்ததை ஒருவர் ஆராய்ச்சியாகவே செய்திருக்கிறார். திரைப்பட ஆய்வாளர் எஸ்.வி. ஸ்ரீநிவாஸ், ஹொங்கொங் சண்டைப் படங்கள் ஆந்திரத்தின் சிற்றூர்த் தியேட்டர்களில் எப்படி ஓடின என்பதைப் பின்தொடர்ந்தார். பெரிய நகரத்தில் ஓடி முடிந்து, கீறல் விழுந்த பிரதிகள் பி, சி சென்டர் தியேட்டர்களுக்கு வந்துசேர்ந்தன. தியேட்டரோடு நிற்காமல் அந்தச் சிற்றூர்களில் கராத்தே வகுப்புகளும் முளைத்தன. தெலுங்கு நாயகர்களின் சண்டைக் காட்சிகள்கூட அந்த ரசிகர்களைக் கருத்தில் வைத்து மாறின என்கிறார். கண்டிக்கு இப்படி ஓர் ஆய்வு செய்ய வேண்டியவர்கள் பேராதனைப் பல்கலைக்கழகத்தில், கூப்பிடு தூரத்தில்தான் இருக்கிறார்கள்.

தமிழுக்கு வந்த ஷாவோலின்

1978இல் லாவ் கார்-லியுங் இயக்கிய 'த தர்ட்டி சிக்ஸ்த் சேம்பர் ஒஃப் ஷாவோலின்' இந்த வகையின் உச்சம் என்பது என் கட்சி. குடும்பத்தையும் ஆசிரியரையும் இழந்த ஒருவன் ஷாவோலின் கோயிலுக்கு ஓடுகிறான். மற்றப் படங்களில் பயிற்சி ஐந்து நிமிடம்; இங்கே பாதிப் படம் பயிற்சிதான். கோர்டன் லியூ இரண்டு கையிலும் தண்ணீர் வாளியோடு சரிவில் ஏறுகிறார். கை தாழ்ந்தால் குத்துவதற்கு மேற்கையில் கத்தி கட்டியிருக்கிறது. கை நடுங்குகிறது, வாளி நடுங்குகிறது, தண்ணீர் சிந்துகிறது. ஓர் எதிரியும் கண்ணுக்குத் தெரியாத இந்தக் காட்சியில் இருக்கிற பதற்றம் கடைசிச் சண்டையில்கூட இல்லை.

அதைத் தமிழ் ஏவிஎம் கண்டுகொண்டது. எஸ்.பி. முத்துராமன் இயக்கி 1983 பொங்கலுக்கு வந்த 'பாயும் புலி'யில், தங்கையை இழந்த ரஜினிகாந்த் ஒரு குருவிடம் போய்ச் சேர்கிறார். பயிற்சிக் காட்சிகளில் ஷாவோலினின் சாயல் அப்பட்டம். சிவப்புத் துணியும் மொட்டைத் தலையும் கோடம்பாக்கத்துக்கு வந்தால் பாட்டும் கூடவே வரும், இளையராஜா இசையில். நான் அதை நகல் என்று தள்ளமாட்டேன். மூலத்தில் துறவிகளிடம் கற்றவன் கடைசியில் துறவியாகவே கோயிலுக்குத் திரும்புகிறான். ரஜினியைத் துறவியாக்கி அனுப்பிவிட்டுத் தமிழ்நாட்டில் யார் தியேட்டரை விட்டு முழுதாக வெளியே வர முடியும்? அந்த ஒரு மாற்றத்தில் இரண்டு சினிமாவின் வித்தியாசம் முழுக்க இருக்கிறது.

தமிழர்கள் இதற்கு வட்டியும் முதலுமாக உரிமை கேட்டது பிறகுதான். குங்ஃபூவைச் சீனாவுக்குக் கொண்டுபோனவரே காஞ்சிபுரத்துப் போதிதர்மர் என்கிற கதையை 2011இல் 'ஏழாம் அறிவு' வீட்டுக்கு வீடு சேர்த்தது. போதிதர்மர் தென்னிந்தியர் என்ற மரபு பழையது. ஆனால் அவரை ஷாவோலின் சண்டைக் கலையோடு கட்டுகிற நூல் 17ஆம் நூற்றாண்டுச் சரக்கு என்று தாங் ஹாவ் முதலான சீன ஆய்வாளர்களே எப்போதோ நிறுவிவிட்டார்கள். சொந்தக்காரர் இல்லாமல் இருந்ததுதான் இந்தப் படங்களின் அழகு என்று நினைக்கிற எனக்கு, இந்த உரிமைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட மனம் வரவில்லை.

டெக் வந்தது, ஆட்கள் பிரிந்தார்கள்

1977க்குப் பின் திறந்த பொருளாதாரம். 1979 ஏப்ரலில் ஐ.டி.என்., 1982 பெப்ரவரியில் ரூபவாஹினி. வளைகுடாவுக்குப் போனவர்கள் திரும்பி வரும்போது டீவியும் வீடியோ டெக்கும் கொண்டுவந்தார்கள். இல்லாத வீட்டுக்காரர் வாடகைக்கு எடுத்தார்கள்; ஒரு டெக், மூன்று கெசட், விடிய விடியப் படம். அக்குறணைப் பொடியனுக்கு இனிக் கட்டுகஸ்தோட்டைப் பாலம் தாண்ட வேண்டியதில்லை. வாப்பா தொழுகைக்குப் போய்த் திரும்புவதற்குள் ஒரு சண்டையாவது பார்த்துவிடலாம்.

கெசட் காலத்தில் வந்த சரக்கின் தரம் தனிக்கதை. 1973 ஜூலை 20ஆம் திகதி புரூஸ் லீ 32 வயதில் செத்ததுமே புரூஸ் லீக்கள் பெருகினார்கள். தாய்வானின் ஹோ சுங்-தாவ் 'புரூஸ் லி' ஆனார். 'புரூஸ் லே' என்று ஒருவர், கொரியாவிலிருந்து 'டிராகன் லீ' என்று ஒருவர். 1978இல் 'கேம் ஒஃப் டெத்' வந்தபோது, அசல் லீ நடித்து வைத்திருந்தது கடைசிச் சண்டைகள் மட்டும்தான். மீதியை ஆள்மாறாட்டத்தால் நிரப்பினார்கள். ஒரு காட்சியில் கண்ணாடியில் லீயின் முகத்தைக் கடதாசியில் வெட்டி ஒட்டியிருக்கிறார்கள். அவருடைய உண்மையான சவ ஊர்வலத்தைக்கூடக் கதைக்குள் செருகினார்கள். வயிற்றெரிச்சல் பிடித்த காரியம்.

எண்பதுகளில் கோட்ஃப்ரி ஹோ இதையும் தாண்டினார். தாய்லாந்திலோ கொரியாவிலோ யாரோ எடுத்த ஒரு படத்தை மலிவாக வாங்குவது. ரிச்சர்ட் ஹரிசன் என்ற வெள்ளைக்கார நடிகரை நிஞ்ஞா உடுப்பில் நிறுத்திச் சில காட்சிகள் எடுப்பது. இரண்டையும் வெட்டி ஒட்டி, பழைய படத்து ஆளோடு ஹரிசன் தொலைபேசியில் பேசுவதாகக் கதையைத் தைத்துவிடுவது. 'நிஞ்ஞா டேர்மினேட்டர்' படத்தில் அந்தத் தொலைபேசி கார்ஃபீல்ட் பூனை உருவத்தில் இருக்கிறது. நிஞ்ஞாத் தலைவர் செம்மஞ்சள் பூனையின் முதுகைத் தூக்கிக் காதில் வைத்துக்கொண்டு எதிரியை மிரட்டுகிறார்.

கெசட்டோடு போனது தரம் மட்டுமல்ல. வெம்பிளிக் கலரியில் தோளோடு தோள் உரசி இருந்தவர்கள் இப்போது தத்தம் ஊரில், தத்தம் வீட்டில், தத்தம் ஆட்களோடு படம் பார்த்தார்கள். பிறகு 1983 ஜூலை வந்தது. தமிழருக்கு எதிராகக் கொழும்பில் மூண்ட கலவரம் கண்டிக்கும் பரவியது. படத் தயாரிப்பாளர் கே. குணரத்தினத்தின் ஹெந்தளை விஜயா ஸ்டூடியோ எரிந்ததில் படச்சுருள்களும் சேர்ந்து எரிந்தன. இருட்டில், தெரியாதவர்களுக்கு நடுவில், மூன்று மணிநேரம் நிம்மதியாக உட்காரலாம் என்கிற நம்பிக்கை அதற்குப் பிறகு பலருக்கு இருக்கவில்லை.

பழிவாங்கும் படம் பார்த்துத்தான் பொடியன்கள் கெட்டுப்போனார்கள் என்று அன்றும் இன்றும் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். 2018 மார்ச்சில் திகனையில் தொடங்கி அக்குறணை வரை முஸ்லிம்களின் கடைகளும் வீடுகளும் தாக்கப்பட்டபோது அந்தப் பேச்சை நினைத்துப் பார்த்தேன். மார்ச் 6ஆம் திகதி அவசரகால நிலை. அடுத்த நாட்களில் முகநூல் முடக்கம். அங்கேயும் பழிவாங்கல் என்கிற பேச்சு ஓடியது. ஆனால் குங்ஃபூ படத்தின் பழிவாங்கலில் சில கண்டிப்பான ஒழுங்குகள் உண்டு. குற்றவாளி ஒருவன், அவனுக்குப் பெயரும் முகவரியும் இருக்கிறது, அநேகமாக வெள்ளைப் புருவமும் இருக்கிறது. நாயகன் தனியாக, வெறுங்கையோடு, முன்வாசல் வழியாகப் போகிறான். அடிபடுகிறவர்கள் அடிக்க வந்தவர்கள் மட்டும். குருவைக் கொன்றவனின் பாஷையைப் பேசுகிற இன்னொருவனுடைய பலசரக்குக் கடைக்கு அவன் நெருப்பு வைப்பதில்லை. திரையில் அப்படி ஒருவன் வந்தால் அவனைத்தான் கலரி வில்லன் என்று கண்டுபிடித்திருக்கும்.

சொந்தக்காரர் இல்லாத நாயகன் என்கிற யோசனை, யுத்தம் கிழித்த பொஸ்னிய நகரம் மோஸ்டாரிலும் சிலருக்கு வந்தது. குரோவேசியர், பொஸ்னிய முஸ்லிம்கள், சேர்பியர் மூவருக்கும் பொதுவாக ஒரு சிலை வைக்க வேண்டும். ஆனால் யார் சிலையை வைத்தாலும் ஒருவருக்கு வீரன், மற்றவருக்குக் கொலைகாரன். தேடித் தேடிக் கடைசியில் 2005 நவம்பர் 26ஆம் திகதி புரூஸ் லீக்கு வெண்கலச் சிலை திறந்தார்கள். ஹொங்கொங்கே தன் சிலையை அடுத்த நாள்தான் திறந்தது. எந்தப் பக்கத்தையும் முறைக்காமல் வடக்குப் பார்த்து நிற்க வைத்தார்களாம். திறந்த கொஞ்ச நேரத்திலேயே சிலையைச் சேதப்படுத்திவிட்டார்கள். சில வருடம் கழித்துத் திருத்தித் திரும்ப வைத்தார்கள். கண்டியில் இப்படி ஒன்று வேண்டும் என்று நான் கேட்கவில்லை. எந்த முச்சந்தியில் வைப்பது என்பதிலேயே மூன்று கூட்டம் கூடிவிடும்.

இப்போது பார்க்க நினைக்கிறவர்களுக்கு ஒரு வசதி. ஷோ பிரதர்ஸின் படக்களஞ்சியத்தை 2000இல் செலஸ்டியல் பிக்சர்ஸ் வாங்கி, நூற்றுக்கணக்கான படங்களைத் துலக்கி எடுத்தது. கலரியில் மழை பெய்வதுபோல் கோடு கோடாகப் பார்த்தவற்றில் இரத்தம் உண்மையில் என்ன சிவப்பு என்று இப்போதுதான் தெரிகிறது. (பெயின்ட் சிவப்பு.) 'கிங் பொக்ஸர்'இல் தொடங்குங்கள். அடுத்தது 'தர்ட்டி சிக்ஸ்த் சேம்பர்'; அதற்குப் பிறகு அதே 1978இல் வந்த ஜெக்கி சானின் 'ஸ்னேக் இன் த ஈகிள்ஸ் ஷடோ'. வீடு கூட்டுகிற அநாதைப் பையனுக்கு ஒரு கிழவர் வித்தை சொல்லிக்கொடுக்கிற அந்தப் படத்தில் பழிவாங்கலே சிரிப்பாகக் கரைந்துவிடுகிறது; இந்த வகைப் படங்களின் ஆவேசம் ஓய்ந்தது அங்கேதான். 'கேம் ஒஃப் டெத்'தில் கடைசி இருபது நிமிடம் போதும். கோட்ஃப்ரி ஹோவின் படங்களில் எதைப் பார்த்தாலும் ஒன்றுதான், பூனைத் தொலைபேசி இருக்கிறதைத் தேடிப் பாருங்கள். முடிந்தால் தனியே பார்க்காதீர்கள். பக்கத்தில் உங்கள் பாஷை தெரியாத ஒருவரை உட்கார வைத்துக்கொண்டால் படம் இன்னும் நன்றாக ஓடும்.